காலேஜ் யூனியனில் நுழைவது எப்படி: ஒரு ஷிஃப்ட் டூ அக்காவின் குறிப்புகள்

"அக்கா, யூனியன்ல சேரணும்னா யாரைப் பார்க்கணும்?" காலேஜ் திறந்து ஒரு மாதம் ஆனதும் எங்கள் தெருப் பிள்ளைகளில் ஒருத்தராவது வருடா வருடம் இதைக் கேட்டுவிடுகிறார்கள். நான் வியாசர்பாடியிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போய், சென்னையில் ஓர் ஆர்ட்ஸ் காலேஜில் ஷிஃப்ட் டூவில், அதாவது மதிய வகுப்பில், பி.காம் படித்தவள். இரண்டு வருடம் கிளாஸ் ரெப் (வகுப்புப் பிரதிநிதி), செயற்குழு உறுப்பினர் தேர்தலில் ஒரு தோல்வி, கடைசி வருடம் இணைச் செயலாளர். அந்த மூன்று வருடத்தில் யாரும் சொல்லித் தராமல் தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். யாரைப் பார்க்க வேண்டும் என்ற கேள்விக்கு என் பதில், யாரையும் பார்க்க வேண்டாம். கண்ணெதிரே முடியாமல் கிடக்கும் ஒரு வேலையை எடுத்து முடித்துக் காட்டுங்கள், பதவியைப் பற்றி அப்புறம் பேசலாம்.

உங்கள் காலேஜில் என்ன இருக்கிறது?

சென்னையில் ஒரு காலேஜ் மாதிரி இன்னொரு காலேஜ் இருக்காது. சில இடங்களில் எல்லா மாணவர்களும் நேராக ஓட்டுப் போட்டு சேர்மனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். (சேர்மன் என்று பசங்க சொல்வது மாணவர் பேரவைத் தலைவரை. நிர்வாகத்தின் சேர்மன் வேறு. முதல் மாதம் பலரும் இதில் குழம்புவார்கள்.) சில இடங்களில் கிளாஸ் ரெப்புகள் மட்டும் கூடி நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். இன்னும் பல இடங்களில், அதுவும் தனியார் பொறியியல் கல்லூரிகளில், தேர்தல் என்ற பேச்சே எழாது, துறைத் தலைவர் (எச்ஓடி) யாரைக் கை காட்டுகிறாரோ அவர்தான் ரெப். ஐஐடி மெட்ராஸில் மாணவர்களுக்கென்று ஸ்டூடண்ட் லெஜிஸ்லேட்டிவ் கவுன்சில் என்று ஒரு குட்டிச் சட்டமன்றமே நடக்கிறது, ஹாஸ்டல் விவகாரத்தைக் கவனிக்கத் தனிச் செயலாளர் உண்டு. தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் சேலையூர் ஹால், தாமஸ் ஹால், ஹீபர் ஹால் என்று ஹாலுக்கு ஹால் ஒரு தனி உலகம். அதனால் வேறு காலேஜில் படிக்கும் நண்பர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டு உங்கள் காலேஜில் இறங்காதீர்கள்.

சேர்ந்த அன்று ஒரு காலேஜ் காலண்டர் கொடுத்திருப்பார்கள், பெரும்பாலும் அது பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். அதை எடுத்து மாணவர் பேரவை, மன்றங்கள், ஒழுங்கு விதிகள் என்ற பக்கங்களைப் படியுங்கள். ஃபீஸ் கட்டிய ரசீதையும் எடுத்துப் பாருங்கள். யூனியன் அல்லது அசோசியேஷன் பெயரில் அதில் ஒரு தொகை இருந்தால், நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிய உறுப்பினர் என்றே வைத்துக்கொள்ளலாம், விதிமுறைகளின் நகலைக் கேட்க உங்களுக்குக் கூச்சம் தேவையில்லை.

உங்கள் காலேஜில் நியமன முறைதான் என்றால் இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உச்ச நீதிமன்றம் கேட்டுக்கொண்டபடி முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையில் அமைந்த குழு, மாணவர் தேர்தல் பற்றி 2006 மே மாதம் அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று அதன் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்தச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. அமைதியாகத் தேர்தல் நடத்த முடியாத சூழல் உள்ள இடத்தில் மட்டும் தற்காலிகமாக நியமனம் வைத்துக்கொள்ளலாம், 5 ஆண்டுகளுக்குள் தேர்தலுக்கு மாறிவிட வேண்டும், நியமிக்கும்போதும் மார்க்கை மட்டும் பார்த்து நியமிப்பது சரியில்லை என்று அந்த அறிக்கை சொல்கிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் வாரமே முதல்வர் அறைக்குப் போகச் சொல்லவில்லை. ஆனால் "இங்கே அப்படியெல்லாம் கிடையாதும்மா" என்று யாராவது சொல்லும்போது, எப்படி இருந்திருக்க வேண்டும் என்பது உங்களுக்காவது தெரிந்திருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் மாணவர் தலைமை என்றாலே பல பேருக்கு ரூட்டு தலதான், அதாவது ஒரு பஸ் ரூட்டில் வரும் பசங்களுக்குத் தலைவனாகத் திரிபவர்தான், நினைவுக்கு வருகிறது. பஸ் கூரையில் ஏறுவதும், இன்னொரு காலேஜ் பசங்களோடு ஸ்டாப்பில் மோதுவதும் தலைமை இல்லை. ஒரு எஃப்ஐஆரில் பெயர் ஏறினால் வேலையும் பாஸ்போர்ட்டும் சிக்கலாகும். குற்ற வழக்கோ காலேஜின் ஒழுங்கு நடவடிக்கையோ இருப்பவர் தேர்தலில் நிற்கவும் முடியாது. பாசக்காரத் தம்பிகள் பலர் இதில் வீணாகப் போனதைப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

கிளாஸ் ரெப்பில் ஆரம்பியுங்கள்

1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்களும், 2017 ஜனவரியில் மெரினாவில் ராப்பகலாக உட்கார்ந்திருந்தவர்களும் மாணவர்கள்தான். அந்த மாதிரி நாட்கள் எப்போதாவதுதான் வரும். மீதி நாளெல்லாம் தேர்வுக் கட்டணத்தின் கடைசித் தேதி, ஓடாத ஃபேன், இன்னும் வராத ஸ்காலர்ஷிப், தண்ணீர் வராத பாத்ரூம், இவைதான். இதையெல்லாம் முதலில் தொடும் ஆள் கிளாஸ் ரெப். யாருக்கும் பெரிதாக ஆசை வராத பதவி என்பதால் போட்டியும் குறைவு, "நான் பார்த்துக்கறேன் மேடம்" என்று சொன்னாலே பல வகுப்பில் கிடைத்துவிடும்.

ரெப் ஆனதும் ஒரு நோட்டு வாங்குங்கள். யார், என்றைக்கு, என்ன கேட்டார், நீங்கள் யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார், இவ்வளவும் தேதியோடு அதில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் சொன்னதெல்லாம் இரண்டு நாளில் மீம்களுக்கு அடியில் புதைந்துபோகும். குரூப்பில் போட்டுவிட்டால் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்றும் நினைக்காதீர்கள். எங்கள் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும், தேர்வுக் கட்டணத் தேதியை நான் அவளிடம் நேரில் சொல்லாததால் அபராதத்தோடு கட்டினாள். அவள் என்னை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு முக்கியமான எந்தத் தேதியையும் போர்டில் எழுதி, வாயாலும் சொல்லாமல் நான் வகுப்பை விட்டுக் கிளம்பியதில்லை.

பொறியியல் பிள்ளைகளுக்கு: அண்ணா பல்கலைக்கழக விதிமுறையிலேயே கிளாஸ் கமிட்டி என்று ஒன்று இருக்கிறது. அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களும் மாணவப் பிரதிநிதிகளும் உட்காருவார்கள், அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்காத ஒருவர்தான் தலைமை தாங்க வேண்டும். ஏன் அப்படி என்றால், பாடம் எடுப்பவர் முன்னால் அவரைப் பற்றியே குறை சொல்லப் பிள்ளைகள் பயப்படுவார்கள். அந்தக் கூட்டத்தில் வாயைத் திறக்காமல் டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு வரும் ரெப்புகள் நிறைய. போவதற்கு முந்தின நாள் வகுப்பில் பத்து நிமிடம் கேட்டு, மூன்று விஷயம் மட்டும் எழுதிக்கொண்டு போங்கள். பதினைந்து விஷயம் கொண்டுபோனால் ஒன்றும் நடக்காது.

லெட்டர் கொடுக்கத் தெரிய வேண்டும்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மாணவர் பேரவை வேலையில் பாதி லெட்டர்தான், அதை யாரும் கற்றுத் தருவதில்லை.

எங்கள் ஷிஃப்ட் மதியம் ஒன்றரைக்கு ஆரம்பித்து ஆறு மணிக்கு முடியும். லைப்ரரியை மூடுவதும் ஆறு மணிக்கு. கடைசி மணி அடித்து மூன்று மாடி இறங்கி ஓடினால், உதவியாளர் அண்ணன் கையில் பூட்டோடு நிற்பார். காலையில் முன்னாடியே வரலாமே என்பார்கள். எங்களில் பாதிப் பேர் காலையில் மெடிக்கல் ஷாப்பிலும் துணிக்கடையிலும் கூரியர் ஆபீஸிலும் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள். நான் முதல் வருடம் நேராக ஒரு லெட்டர் எழுதி ஆபீஸ் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். இரண்டு மாதம் கழித்துக் கேட்டால், "எந்த லெட்டர்மா?"

அடுத்த முறை வேறு மாதிரி செய்தோம். முதலில் லைப்ரரியன் மேடத்தைப் பார்த்து, என்ன தடை என்று கேட்டோம். திறந்து வைக்க அவருக்கு ஆட்சேபணையே இல்லை. உதவியாளரின் வேலை நேரம் ஆறு மணியோடு முடிகிறது, பூட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான். சரி என்று அவர் அனுமதியோடு வாசலில் இருக்கும் வருகைப் பதிவேட்டை ஒரு வாரத்துக்கு எண்ணினோம். அறுநூற்றுச் சொச்சம் கையெழுத்தில் ஷிஃப்ட் டூ பிள்ளைகள் 41 பேர். லெட்டரில் அந்த எண்ணிக்கையைத்தான் முதல் பத்தியில் எழுதினோம். இரண்டாவது பத்தியில் கேட்டது ஒரே விஷயம்: செவ்வாயும் வியாழனும் மட்டும் உதவியாளர் ஒன்பதுக்குப் பதில் பத்து மணிக்கு வந்து, ஏழு மணி வரை இருக்கட்டும். அந்த அண்ணனிடமும் முன்கூட்டியே கேட்டிருந்தோம், "ரெண்டு நாள்தானே, எனக்கும் கூட்டமில்லாத பஸ் கிடைக்கும்" என்றார்.

லெட்டரின் வடிவம் பள்ளியில் படித்த அதே அனுப்புநர், பெறுநர், பொருள்தான். பெறுநர் முதல்வர் என்றாலும், 'வழி: துறைத் தலைவர்' என்று ஒரு வரி போட்டு அவர் கையெழுத்தை முதலில் வாங்குங்கள். அவரைத் தாண்டிப் போனால் லெட்டர் திரும்பி அவர் மேஜைக்கே வரும், அப்போது அவர் முகம் வேறு மாதிரி இருக்கும். பின்னால் ரோல் நம்பரோடு கையெழுத்துப் பட்டியலை இணைத்துவிடுங்கள். அப்புறம் காலேஜ் எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் இரண்டு நகல். மூலத்தை ஆபீஸில் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் போட்டு, வந்த லெட்டருக்கு ஆபீஸ் பதிவேட்டில் போடும் இன்வேர்ட் நம்பரையும் எழுதி வாங்குங்கள். அந்த நம்பர்தான் உங்கள் பிடி. பத்து நாள் கழித்துப் போய் "லைப்ரரி லெட்டர் என்னாச்சு அண்ணா" என்று கேட்பதற்கும், நம்பரைச் சொல்லிக் கேட்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நீங்களே பார்ப்பீர்கள். எங்களுக்கு நான்கு மாதம் ஆனது. நடுவில் மூன்று முறை நினைவூட்டல் லெட்டர் கொடுத்தோம், ஒவ்வொன்றிலும் பழைய நம்பரையும் தேதியையும் குறிப்பிட்டு, ஒரு கோபமான வார்த்தைகூட இல்லாமல்.

அரசுக் கல்லூரியில் படிப்பவர்களுக்கு, 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போடும் வழியும் இருக்கிறது. என்னைக் கேட்டால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த எடுப்பில் அதைப் போட்டால் ஆபீஸ் முழுக்க உங்களை எதிரியாகப் பார்க்கும், நாளைக்கு போனஃபைட் (இங்கே படிக்கிறார் என்ற சான்றிதழ்) வாங்கவும் அதே ஜன்னலுக்குத்தான் போக வேண்டும்.

யூனியன் இல்லாவிட்டாலும் இருக்கும் நாற்காலிகள்

தேர்தலே நடக்காத காலேஜிலும் மாணவர்களுக்குச் சட்டப்படி சில இடங்கள் இருக்கின்றன. ராகிங் தடுப்புக் குழுவில் முதலாண்டு மாணவரும் சீனியரும் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2009 விதி சொல்கிறது. பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள் புகார்க் குழுவில், மாணவர் சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் இளங்கலை, முதுகலை, ஆராய்ச்சி என்று மூன்று நிலையிலிருந்தும் மூன்று மாணவர்கள் உட்கார வேண்டும், அவர்களை ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது 2015 விதி. எங்கள் காலத்தில் அந்தப் பெயர்கள் நோட்டீஸ் போர்டில் இருந்தன, ஆனால் அவர்களை யார் எப்போது தேர்ந்தெடுத்தார்கள் என்று வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. உங்கள் காலேஜ் போர்டில் போய்ப் பாருங்கள். 2023 விதிப்படி மாணவர் குறைதீர்க்கும் குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும், அந்த முடிவு சரியில்லை என்றால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் 15 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அந்தக் குழுவிலும் ஒரு மாணவர் சிறப்பு அழைப்பாளராக இருப்பார். ஹாஸ்டலில் இருந்தால் மெஸ் கமிட்டி. அதில் சேர்ந்தால் அரிசி, பருப்புக் கணக்கு முதல் எல்லாம் கற்றுக்கொள்ளலாம், ரசம் தண்ணியாக இருக்கிறது என்று சொல்வதற்கு மட்டும் போகாதீர்கள்.

தேர்தலில் நிற்கும்போது

முதலில் தகுதி. இளங்கலை என்றால் வயது 17 முதல் 22 வரை, நான்கைந்து வருடத் தொழிற்படிப்புகளுக்குக் கொஞ்சம் தளர்வு உண்டு. 75 சதவீத வருகை வேண்டும், நிற்கும் வருடத்தில் அரியர் இருக்கக் கூடாது, முழுநேர மாணவராக இருக்க வேண்டும். நிர்வாகிப் பதவிக்கு ஒரே ஒரு முறைதான் நிற்கலாம், செயற்குழு உறுப்பினருக்கு இரண்டு முறை. இதைத் தெரியாமல் இரண்டாம் வருடமே சேர்மனுக்கு நின்று தோற்றுவிட்டு, மூன்றாம் வருடம் கையைப் பிசைந்தவர் எங்கள் காலேஜிலேயே இருந்தார். நான் முதலில் செயற்குழுவுக்கு நின்றது ஒரு சீனியர் அண்ணன் இதைச் சொன்னதால்தான்.

செலவு வரம்பு 5,000 ரூபாய், முடிவு வந்து இரண்டு வாரத்துக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் வரைந்தது மட்டும், அதுவும் ஒதுக்கிய சுவரில். மைக், வண்டி எதுவும் கூடாது, ஊர்வலம் என்றால் காலேஜின் எழுத்து அனுமதியோடு வளாகத்துக்குள் மட்டும். வாக்குப்பதிவு நாளில் தண்ணீரைத் தவிர ஒன்றும் கொடுக்கக் கூடாது. இவ்வளவும் லிங்டோ குழு வகுத்தவை. எனக்கு மொத்தம் ஆன செலவு 640 ரூபாய், சார்ட் பேப்பர், ஸ்கெட்ச், ஜெராக்ஸ். ஆனால் வெளியிலிருந்து யாராவது ஒரு அண்ணன் வந்து "பிரியாணி நாங்க பாத்துக்கறோம்" என்பார், கட்சிக் கரை வேட்டியோடும் வருவார், இல்லாமலும் வருவார். மாணவர் அமைப்பில் நீங்கள் நம்பிக்கையோடு இருந்தால் அது உங்கள் உரிமை, எனக்கு அதில் குறை எதுவும் இல்லை, அங்கே படிக்கவும் பேசவும் நன்றாகக் கற்றுத் தருகிறார்கள். பிரியாணியை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஜெயித்த பிறகு அந்தப் பிரியாணிக்குக் கணக்குக் கேட்பார்கள்.

ஓட்டுக் கேட்கப் போவதைப் பற்றி என் தோல்வியிலிருந்து சொல்கிறேன். நான் முதல் தேர்தலில் 31 ஓட்டில் தோற்றேன். ஷிஃப்ட் டூ முழுக்க வகுப்பு வகுப்பாகப் போனேன், ஷிஃப்ட் ஒன் பக்கம் போகவே இல்லை, அவர்கள் நமக்குப் போட மாட்டார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அடுத்த வருடம் வேலைக்கு நான்கு நாள் லீவ் போட்டுவிட்டு காலை எட்டு மணிக்கே காலேஜுக்கு வந்து, ஷிஃப்ட் ஒன் பிள்ளைகள் உள்ளே வரும்போதே கேட்டில் நின்று பேசினேன். தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்கள் பின் பெஞ்சில் இருப்பார்கள், அவர்களிடம் யாருமே வந்து கேட்பதில்லை. எம்.ஏ, எம்.எஸ்சி வகுப்புகளையும் ஆராய்ச்சி மாணவர்களையும் விட்டுவிடாதீர்கள். வகுப்புக்குள் பேச இரண்டு நிமிடம் கிடைத்தால் அதில் ஒரு நிமிடம் மட்டும் பேசுங்கள், மீதியில் அவர்களைக் கேளுங்கள், கேட்டதை அவர்கள் கண்ணெதிரே நோட்டில் எழுதுங்கள். நான் போன வகுப்பிலெல்லாம் வாக்குறுதி எதுவும் சொல்லவில்லை, "லைப்ரரி ஏழு மணி வரைக்கும் திறந்திருக்கு இல்ல, அதுக்கு நாலு மாசம் ஆச்சு, எப்படின்னு சொல்றேன்" என்றுதான் ஆரம்பித்தேன்.

ஜெயித்த பிறகு

கல்ச்சுரல்ஸ் உங்களை அப்படியே விழுங்கப் பார்க்கும். ஸ்பான்சர், மேடை, சவுண்டு, கெஸ்ட் என்று இரண்டு மாதம் போய்விடும், பேரவை என்றால் நிகழ்ச்சி நடத்தும் குழு என்றே எல்லாரும் நினைத்துவிடுவார்கள். பத்துப் பேர் குழுவில் நான்கு பேரையாவது கல்ச்சுரல்ஸ் பக்கமே விடாமல் புகார், ஸ்காலர்ஷிப், தண்ணீர், பாத்ரூம் வேலைக்கு ஒதுக்குங்கள். வாங்கிய ஒவ்வொரு ரூபாய்க்கும் பில் வேண்டும், டீக்கடையில் பில் கிடைக்காது என்றால் வவுச்சர் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வருகைப் பதிவையும் பாருங்கள். ஓ.டி. லெட்டர் (காலேஜ் வேலையாகப் போனதால் வருகை தரச் சொல்லும் ஆன் டியூட்டி லெட்டர்) கொடுத்துவிட்டோம் என்று நம்பி இருந்துவிட்டு, செமஸ்டர் கடைசியில் 68 சதவீதம் என்று வந்து, வருகைக் குறைவை மன்னிக்கக் கேட்கும் காண்டனேஷன் பணம் கட்டிய செயலாளர் எங்கள் குழுவிலேயே உண்டு. ஓ.டி.யை அந்த வாரமே பதிவேட்டில் ஏற்றிவிட்டார்களா என்று நேரில் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் ஒப்படைப்பு. இதைத்தான் யாரும் செய்வதில்லை, அதனால் ஒவ்வொரு வருடமும் புதுக் குழு முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. ஏப்ரலில் தேர்வு ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே ஒரு ஸ்பிரிங் ஃபைல் வாங்கி, எல்லா லெட்டரின் சீல் வைத்த நகல், ஆடிட்டோரியம் கேட்கும் படிவம், எலக்ட்ரீஷியன் அண்ணன் எந்த நேரத்தில் எங்கே இருப்பார், எந்தப் பிரிவில் யாரிடம் என்ன கேட்க வேண்டும், பாதியில் நிற்கும் வேலைகள் எவை என்று எழுதி வையுங்கள். நாங்கள் அடுத்த குழுவுக்குக் கொடுத்த ஃபைலில் முதல் தாள், லைப்ரரி நேரத்தை மாற்றி முதல்வர் போட்ட சுற்றறிக்கை. இரண்டாவது தாளில், செவ்வாய், வியாழனோடு வெள்ளிக்கிழமையையும் சேர்க்கச் சொல்லி நாங்கள் கொடுத்து இன்னும் பதில் வராத லெட்டரின் இன்வேர்ட் நம்பர்.